தேர் தந்த பாடம்

இராசபாளையத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். பஞ்சாலைச் சங்கொலி கேட்டுத் துயில் எழுந்த ஊர் அது. ஆயினும், நான் மேற்கொண்ட தொழில் நூல் நூற்பதன்று. கணிப்பொறிக்கு நிரல் எழுதுவது. வணிகர்கள் தம் கணக்குகளைப் 'பிளாக்செயின்' என்னும் முறையில் பதிவு செய்ய உதவும் நிரல் அது.

பிளாக்செயின் என்பது யாது? பலரிடத்தும் ஒரே படியாக இருக்கும் கணக்கேடு. அதன் ஒவ்வொரு பக்கமும் முந்தைய பக்கத்தின் முத்திரையைத் தாங்கி நிற்கும். ஆதலின், எழுதியதை ஒருவர் மறைவாக மாற்றுதல் அரிது. 2009 ஆம் ஆண்டில் தொடங்கிய பிட்காயின் ஏட்டில் ஏறத்தாழ 10 நிமிடத்திற்கு ஒரு பக்கம் சேர்கிறது. தமிழ்நாடு அரசும் 2020 ஆம் ஆண்டில் இத்துறைக்கென ஒரு கொள்கையை வெளியிட்டது.

அழித்து எழுத முடியாத ஏட்டில் எழுதுமுன் நன்கு சோதித்தல் வேண்டும் அன்றோ? நிரலின் உறுப்புகள் யாவும் ஒன்றுகூடிச் செவ்வனே இயங்குகின்றனவா என்று காண்பதே ஒருங்கிணைப்புச் சோதனை. எங்கள் சோதனைகள் முடிய 2 மணி நேரம் ஆயிற்று. ஒவ்வொரு சோதனையும் அடுத்த பக்கம் எழுதப்படும்வரை காத்துக் கிடந்தது. நான் பொறுமை இழந்தேன். ஏட்டை நீக்கிவிட்டு, எதைக் கேட்டாலும் உடனே 'சரி' என்னும் பொம்மை நிரல் ஒன்றை அதன் இடத்தில் வைத்தேன். சோதனைகள் 5 நிமிடத்தில் முடிந்தன, மகிழ்ந்தேன்.

அம்மகிழ்ச்சி நீடிக்கவில்லை. ஒரு நாள் ஏட்டிலிருந்து விடை வரத் தாமதமாயிற்று. எங்கள் நிரல் அதே தொகையை மீண்டும் அனுப்பியது. சிறு வணிகர் ஒருவர் கணக்கில் ஒரே தொகை இருமுறை பற்றாயிற்று. பிழையை ஒப்புக்கொண்டு, எதிர்ப்பதிவு எழுதிப் பணத்தைத் திருப்பினோம். அவர் சினந்து பேசவில்லை. "தம்பி, இனி உங்கள் ஏட்டை நம்பலாமா?" என்று மட்டும் கேட்டார். அக்கேள்வி என் நெஞ்சைச் சுட்டது.

அவ்வாண்டு ஆடிப்பூரத்தன்று அண்மையிலுள்ள திருவில்லிபுத்தூருக்குச் சென்றேன். மக்கள் வடம் பிடிக்க, ஆண்டாள் திருத்தேர் அசைந்து வந்தது. அருகில் நின்ற பெரியவர், "முன்னெல்லாம் தேர் நிலைக்கு வரப் பல நாள் ஆகும். இரும்புச் சக்கரம் பூட்டிய பிறகு சில மணி நேரத்தில் வந்துவிடுகிறது" என்றார். நான் எண்ணிப் பார்த்தேன். தேர் வலம் வரும் வீதிகளில் ஒன்றும் குறையவில்லை, சக்கரமே மாறியது. நானோ வீதியையே விட்டுவிட்டேன்!

மறுநாளே பொம்மையை அகற்றினேன். மெய்யான ஏட்டு நிரலையே என் கணிப்பொறியில் தனியே இயக்கி, கட்டளையிட்டவுடன் பக்கம் எழுதுமாறு அமைத்தேன். தொடக்க நிலையைப் படியெடுத்து வைத்து, ஒவ்வொரு சோதனைக்குப் பின்னும் அந்நிலைக்கே மீட்டேன். ஒன்றையொன்று சாராத சோதனைகளைத் தனித்தனிக் கணக்குகளோடு ஒருங்கே நடத்தினேன். பக்கம் எழுதுவதை வேண்டுமென்றே நிறுத்தி, தாமதத்தையும் ஒரு சோதனையாக்கினேன். பழைய பிழை அங்கேயே அகப்பட்டது. 2 மணி நேரப் பணி 15 நிமிடத்தில் முடிந்தது.

மாணவர்களே! காத்திருக்கும் நேரத்தைக் குறைப்பது அறிவுடைமை. காண வேண்டியதைக் காணாமல் விடுவது சோம்பல். இரண்டும் விரைவு போலவே தோன்றும். அவற்றை வேறுபடுத்தி அறிந்த பிறகே அவ்வணிகர் முன் சென்று, "நம்பலாம், ஐயா" என்று விடை கூறினேன்.