கரண்ட் போனால் மீனுக்கு என்ன போகிறது?

மீன் தொட்டி வைத்தவர்கள் கரண்டைப் பற்றிக் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ‘எந்த ஸ்டெபிலைசர் போடலாம்?’ என்பதாக இருக்கிறது. எல்ஈடி விளக்கு போய்விடக் கூடாது, டைமர் கெட்டுவிடக் கூடாது, ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய ஃபில்டர் புகைந்துவிடக் கூடாது. நியாயமான கவலைதான். ஆனால் மின்சாரத்தால் தொட்டிக்கு வரும் ஆபத்து இரண்டு வகை. கரண்ட் அளவு மீறி வந்தால் சாதனம் போகும். வராமலே இருந்தால் மீன் போகும். சாதனத்தைக் கடையில் மறுபடி வாங்கிக்கொள்ளலாம். ஆகவே பாதுகாப்புக்கென்று எடுத்து வைக்கும் முதல் ரூபாய் இரண்டாவது ஆபத்துக்கே செலவாக வேண்டும் என்பது என் கட்சி. அதுவும் ஃபில்டருக்கோ ஹீட்டருக்கோ அல்ல, தண்ணீரின் மேற்பரப்பு அசைந்துகொண்டே இருப்பதற்கு.

எண்களைப் பார்த்தால் காரணம் விளங்கும். 25 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் நன்னீர் கரைத்து வைத்துக்கொள்ளக்கூடிய ஆக்சிஜன் எட்டு மில்லிகிராமுக்குச் சற்று மேல், அவ்வளவுதான். 30 டிகிரியில் அது ஏழரைக்கு இறங்கிவிடும். நாம் சுவாசிக்கும் காற்றில் ஒரு லிட்டருக்கு 250 மில்லிகிராமுக்கும் அதிகம். போதாததற்கு, சூடு ஏற ஏற மீனின் உடல் இன்னும் வேகமாக இயங்கி இன்னும் அதிகம் கேட்கும். சித்திரை மாத இரவில் கரண்ட் போனால், இருப்பு குறைந்து தேவை கூடிய நேரத்தில் வரத்தும் நின்றுபோகிறது. அசையாத நீரில் ஆக்சிஜன் தானாகப் பரவும் வேகம் காற்றில் பரவுவதில் ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒரு பங்கு. ஏர் ஸ்டோனிலிருந்து எழும் குமிழிகளே கரைந்து ஆக்சிஜன் கொடுக்கின்றன என்று பலர் நம்புகிறார்கள். கொஞ்சம் கொடுக்கும், ஆனால் அவற்றின் பெரிய வேலை, அடியில் கிடக்கும் நீரை மேலே கொண்டுவந்து மேற்பரப்பைக் கலைத்துவிடுவது. மூச்சுமுட்டும் மீன்கள் மேலே வந்து, செவுள் படபடக்க, வாயை நீர்மட்டத்தோடு ஒட்டி ஒட்டித் திறந்து மூடுவதும் இதனால்தான். காற்றைத் தொடும் அந்த மெல்லிய படலத்தில்தான் ஆக்சிஜன் மிச்சம் இருக்கும்.

மின்சாரம் வீட்டுக்கு வருவதற்கு முன்பே இந்த உண்மையை ஒரு பெண்மணி கண்டுகொண்டார். அன்னா தைன் என்பவர், லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தைச் சேர்ந்த பாதிரியார் ஒருவரின் மனைவி. 1846இல் டார்க்கீ கடற்கரையில் கிடைத்த கல் பவளங்களை உயிரோடு லண்டனுக்குக் கொண்டுபோக ஆசைப்பட்டார். ஒன்றோடொன்று மோதிச் சிதையாமல் இருக்க, அவற்றை ஊசி நூலால் ஒரு பெரிய கடற்பஞ்சில் தைத்து, ஜாடிக் கடல்நீரில் மிதக்கவிட்டார். ஊர் போய்ச் சேர்ந்தபின் கண்ணாடிப் பாத்திரங்களுக்கு மாற்றினார். நினைத்தபோதெல்லாம் கடல்நீர் வரவழைக்க முடியாது. இருக்கிற நீரையே மறுபடி மறுபடி பயன்படுத்தியாக வேண்டும். அதற்கு அவர் கண்ட வழி, திறந்த சன்னலுக்கு முன்னால் அந்த நீரை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொரு பாத்திரத்துக்கு அரை மணி, முக்கால் மணி நேரம் மாற்றி மாற்றி ஊற்றிக்கொண்டே இருப்பது. ஊற்றியவர் அவர் வீட்டு வேலைக்காரச் சிறுமி. களைப்பான வேலைதான் என்றாலும் அவள் அதை விளையாட்டாகவே எடுத்துக்கொண்டாள் என்று பின்னாளில் வெளியிட்ட கட்டுரையில் தைன் எழுதுகிறார். திரும்பத் திரும்ப முக்கால் மணி நேரம் நீர் தூக்கி ஊற்றியவளுக்கு அது விளையாட்டாக இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. கடல்வாழ் உயிரினங்களை வீட்டில் வளர்த்த வரலாற்றில் பவளங்களைக் கண்டெடுத்தவருக்கு ஓர் இடம் இருக்கிறது. அவற்றுக்கு மூச்சு கொடுத்த கைக்கும் அதே அளவு இடம் வேண்டும். இன்றும், எந்தச் சாதனமும் இல்லாத வீட்டில் கரண்ட் போனால் செய்ய வேண்டியது அந்தச் சிறுமி செய்ததுதான். ஒரு சொம்பில் தொட்டி நீரை மொண்டு, ஒரு முழம் உயரத்திலிருந்து, சில நிமிடங்களுக்கு ஒரு முறை ஊற்றிக்கொண்டிருப்பது.

அவள் வேலையைச் செய்யத்தான் ஏர் பம்ப் இருக்கிறது. அதைத் திறந்து பார்த்தால் ஒரு மின்காந்தச் சுருள், நொடிக்கு ஐம்பது முறை துடிக்கும் ஒரு காந்தக் கை, அது அமுக்கும் ரப்பர் கிண்ணம், இவ்வளவுதான் இருக்கும். மூன்று நான்கு வாட் போதும். யூஎஸ்பியில் ஓடும் சிறு பம்ப் ஒரு வாட் அளவில்தான் இழுக்கும். 10,000 எம்ஏஎச் பவர் பேங்க் அதை ஒரு நாள் முழுக்க ஓட்டும். (குறைந்த கரண்டை இழுத்தால் தானே அணைந்துவிடும் பவர் பேங்குகளும் உண்டு, புயல் வருமுன் ஓட்டிப் பார்த்துவிட வேண்டும்.) பம்ப் நீர்மட்டத்துக்குக் கீழே இருந்தால் குழாயில் ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் கரண்ட் போன நொடியே தொட்டி நீர் குழாய் வழியே பின்வாங்கி பம்புக்குள் இறங்கிவிடும்.

வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறதே என்பார்கள். 12 வோல்ட், 150 ஏஎச் பேட்டரி காகிதத்தில் 1,800 வாட்-மணி. மூன்று ஃபேனும் நான்கு விளக்கும் அதை ஒரே இரவில் தின்றுவிடும். ஒரு மணி நேர கரண்ட் கட்டுக்கு இன்வெர்ட்டர் அருமையான பதில். ஆனால் 2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்தபோது சென்னையின் பல பகுதிகளில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. 2018 நவம்பரில் கஜா புயலுக்குப் பிறகு டெல்டா கிராமங்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. தொட்டிக்கென்று தனியாக ஒரு சின்ன பேட்டரி இருந்தால், மனிதர்களின் ஃபேனோடு மீன் போட்டிபோட வேண்டியதில்லை. செடி வைத்திருக்கிறோம், அது ஆக்சிஜன் தரும் என்பது அடுத்த வாதம். வெளிச்சம் இருக்கும்வரை தரும். விளக்கும் சேர்ந்தே அணைந்த இரவில் செடியும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும் பக்கத்தில்தான் நிற்கிறது. ஊர்க் குளத்து மீனுக்கு யார் கரண்ட் கொடுத்தார்கள் என்று கேட்பவர்களுக்கு: குளத்துக்குப் பரந்த மேற்பரப்பும் காற்றும் உண்டு, மீன் நெருக்கம் குறைவு. அந்த நெருக்கத்தைக் கூட்டிப் பாருங்கள், நாகப்பட்டினம் பக்கத்து இறால் பண்ணைக்காரர்கள் ஏன் ஏரேட்டருக்கு ஜெனரேட்டரைத் தயாராக வைத்திருக்கிறார்கள் என்று புரிந்துவிடும். காற்றை நேரடியாகவே சுவாசிக்கும் உறுப்புள்ள ஃபைட்டரும் குராமியும் தாக்குப்பிடிக்கும். அந்த இனத்து உறவான பனையேறிக் கெண்டை மரத்தில் ஏறுவதைக் கண்டதாக, தரங்கம்பாடியில் இருந்த டால்டார்ஃப் என்ற டேனிஷ் படை அதிகாரி 1790களிலேயே எழுதி வைத்திருக்கிறார். அவை விதிவிலக்கு. கோல்ட் ஃபிஷ்ஷும் ஏஞ்சலும் அப்படி அல்ல.

சாதனங்களை அப்படியே விட்டுவிடலாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் எது எதைக் காக்கும் என்று தெரிந்து வாங்க வேண்டும். ஸ்பைக் கார்டுக்குள் இருக்கும் துத்தநாக ஆக்சைடு வில்லை, மின்னல் போலக் கண நேரத்தில் பாய்ந்து மறையும் வோல்டேஜை விழுங்கும். ஒவ்வொரு அடிக்கும் தானும் கொஞ்சம் தேயும். சரியான எர்த் இல்லாவிட்டால் அதன் பலன் பாதிதான். நம் தெருக்களில் அதிகம் நடப்பது வேறு. கம்பத்தில் நியூட்ரல் அறுந்தால் 230 இருக்க வேண்டிய இடத்தில் 400 வோல்ட் பக்கம் வரை ஏறி, அப்படியே நிற்கும். அந்த வில்லையால் அதைத் தாங்க முடியாது, எரிந்துபோகும். அதற்கு, அளவு மீறினால் இணைப்பையே துண்டிக்கும் கட்-ஆஃப் உள்ள ஸ்டெபிலைசர் வேண்டும். லோ வோல்டேஜும் சாதாரணமானது அல்ல: ஃபில்டர் மோட்டார் சுழலத் தொடங்க முடியாமல் உறுமி உறுமிச் சூடேறும். ஹீட்டரின் தெர்மோஸ்டாட் முனைகள் ஒட்டிக்கொண்டால் மீன் வெந்தே போகும். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் சரி, சென்னையில் அந்த ஹீட்டர் ஆண்டின் பெரும்பகுதி எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை.

கரண்ட் திரும்பி வரும் நேரம் இன்னொரு கண்டம். ஃபில்டர் பஞ்சில் வாழ்ந்து மீன் கழிவின் அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியாவுக்கும் ஆக்சிஜன் வேண்டும். மூடிய கேனிஸ்டருக்குள் நீர் ஓடாமல் சில மணி நேரம் நின்றாலே அவை சாகத் தொடங்கி, உள்ளே இருக்கும் நீர் நாறிவிடும். சுவிட்ச் போட்டதும் அது அப்படியே தொட்டிக்குள் பாயும். ஆகவே கரண்ட் போனதுமே ஃபில்டர் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். வந்தபின் பத்து நிமிடமாவது வோல்டேஜ் நிலைக்கிறதா என்று பார்த்து, கேனிஸ்டர் நீரைக் கொட்டி, பஞ்சைத் தொட்டி நீரிலேயே அலசிவிட்டு ஓட்ட வேண்டும். தீனியை அன்றும் மறுநாளும் நிறுத்திவிடலாம். இரண்டு நாள் பட்டினியை மீன் தாங்கும். அம்மோனியாவைத் தின்ன ஆளில்லாத தொட்டியில் போட்ட தீனியைத்தான் தாங்காது.