கறுப்புப் பட்டை

வவுணதீவில் ஒரு மாலை வகுப்பு. சுவரில் விழுந்திருந்தது கேத்திரகணிதப் பாடம்: அரைவட்டக் கோணம் செங்கோணம். ஆசிரியர் மடிகணினியில் வரைந்து விளக்கியதைத் திரைப்பதிவாக எடுத்து, சுருக்கிக் கொடுத்தவன் நான். மடிகணினித் திரை 1366 × 768 பிக்சல். வகுப்பிலிருந்த புரொஜெக்டர் 1024 × 768. பழைய தொலைக்காட்சிப் பெட்டிபோல 4:3. மேலும் கீழும் கறுப்புப் பட்டை விழுவதை ஆசிரியர் விரும்பவில்லை. “தம்பி, அந்தக் கறுப்பு வராம திரை நிறைய வெச்சுத் தாங்க” என்றார். உயரத்தைத் தொடாமல் அகலத்தை மட்டும் 1024 ஆக்கிக் கொடுத்துவிட்டேன்.

பின்வரிசைப் பிள்ளையொன்று எழும்பிப் போய்ச் சுவரில் பாகைமானியை வைத்தது. “சேர், தொண்ணூறு வரல்ல. எழுபத்திநாலுதான் வருது.”

கணக்குப் போட்டுப் பார்த்தேன். அரைவட்டத்தின் நடு உச்சிக்கு வரைந்த முக்கோணத்தின் அகலம் முக்கால் பங்காகச் சுருங்கினால், அதன் 45 பாகைச் சாய்வு 53 பாகையாக நிமிர்ந்துவிடுகிறது. அடியில் இரண்டு 53 போக, உச்சிக்கு மிச்சம் 74. ஆசிரியர் சொன்னது சரி, பிள்ளை அளந்ததும் சரி. நடுவில் நான் கொடுத்த படம்தான் பிழை. வட்டம் முட்டையானதை வகுப்பில் ஒருவரும் பெரிதாக எடுக்கவில்லை, கோணம் காட்டிக்கொடுத்தது.

அன்றிரவே திரும்பச் செய்தேன். 1024 அகலத்துக்குச் சரியான உயரம் 576. மீதி 192 வரிகளில் மேலே 96, கீழே 96 கறுப்பு. எப்எப்எம்பெக் மென்பொருளில் அகலத்தை எழுதி, உயரத்துக்கு -2 என்று போட்டால் விகிதம் கெடாத உயரத்தை அதுவே கணித்து, இரட்டை எண்ணாக்கியும் தரும். இரட்டை எண் ஏன் வேண்டும் என்பதை முன்னொரு நாள் பட்டு அறிந்திருந்தேன். பாதியாக்கினால் போதுமென்று 683 × 384 கொடுத்தேன், எக்ஸ்264 குறியாக்கி மறுத்துவிட்டது. வழக்கமான முறையில் நான்கு பிக்சலுக்கு ஒரு நிறத் தகவல்தான் சேமிக்கப்படுகிறது. ஒற்றை அகலத்தில் கடைசி நிரலுக்குச் சோடி இல்லை. வெள்ளையில் வரைந்த மெல்லிய சிவப்புக் கோடு மங்குவதும் இதே நிறச் சிக்கனத்தால்தான். ஆகவே ஆசிரியர்களிடம் கோட்டைத் தடிப்பாக, கருநீலத்தில் போடச் சொல்கிறேன்.

2020இல் பாடசாலைகள் மூடப்பட்டபோது பாடமெல்லாம் வாட்ஸ்அப்புக்குள் போயிற்று. அப்போது ஒரு வீடியோவுக்கு 16 எம்பிதான் இடம். வலையிறவுப் பாலத்துக்கு மேற்கே, படுவான்கரையில், வயலுக்குப் போன தகப்பன் திரும்பிய பிறகுதான் பல பிள்ளைகளின் கைக்குப் போன் வரும். அதன் டேட்டாவையும் பார்க்கவேண்டும். உயரத்தை 360க்கு இறக்கினேன். எழுத்திலிருந்த புள்ளிகள் காணாமற்போயின. ‘உச்சி’ என்றிருந்தது ‘உசசி’ என்று தெரிந்தது. தமிழில் ஒரு புள்ளி அழிந்தால் எழுத்தே மாறிவிடுகிறது. ஆங்கிலப் பாடங்களுக்குப் போதுமான அளவு நமக்குப் போதாது.

எதை விடலாம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். மாறாத திரைக்கு எச்.264 சுருக்கமுறை அநேகமாக ஒன்றும் செலவழிப்பதில்லை. எல்லாவற்றையும் தின்றது மூலையில் அசைந்துகொண்டிருந்த ஆசிரியரின் முகம். மீதித் திரை முழுவதையும்விட அந்தச் சின்னப் பெட்டிக்குத்தான் கூடுதல் செலவு. முதல் ஒரு நிமிடம் முகம் காட்டிவிட்டு எடுத்துவிடலாம் என்று அவரிடம் கேட்டுக்கொண்டேன். பிள்ளைகளுக்கு முகமும் வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை, ஆனால் புள்ளி அதைவிட வேண்டும். நொடிக்கு 30 படத்தை 10 ஆக்கினேன். அப்படிக் குறைத்ததில் இன்னொரு சிக்கல் வந்தது: பின்னால் இழுத்தால் போய் நிற்கும் முழுப்படம் 250 படத்துக்கு ஒன்று என்ற இயல்பான அமைப்பில், அது 25 நொடிக்கு ஒருமுறைதான் வரும். விளங்காத இடத்துக்குப் பின்னால் இழுக்கும் பிள்ளை எங்கேயோ போய் விழும். அதை 50 ஆக்கினேன்.

இப்போது சுருக்குவதைப் பற்றிப் பதிவுக்கு முன்பே பேசிவிடுகிறேன். திரையை முதலிலேயே 1280 × 720இல் வைத்து, எழுத்தைப் பெரிதாக்கி, முதல் பக்கத்தின் மூலையில் ஒரு சதுரம் வரையச் சொல்கிறேன். வேலை முடிந்ததும் அடிமட்டத்தை எடுத்துத் திரையில் அந்தச் சதுரத்தின் இரண்டு பக்கத்தையும் அளப்பேன். சமமாக வந்தால்தான் கோப்பு என் மேசையை விட்டுப் போகும்.