பழைய காருக்குப் புது ரப்பர்

யாழ்ப்பாணத்தில் பழைய கார் வைத்திருக்கிற ஆக்களிட்டைக் கதை கேட்கப் போனால் ஒரு பின்னேரம் போய்விடும். எஞ்சின் எப்ப இறக்கினது, பெயின்ற் எந்தக் கராச்சில் அடிச்சது, தொண்ணூறுகளில் பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில் எப்படி ஓடினது எண்டு எல்லாம் சொல்லுவினம். வைப்பரைப் பற்றி மட்டும் ஒருத்தரும் வாய் திறக்கமாட்டினம். முன் கண்ணாடியில் இரண்டு கறுப்புக் கோடாக அது பாட்டுக்குக் கிடக்கும். ஐப்பசியில் முதல் பெருமழை விழுந்து, எதிரில் வாற லொறியின் வெளிச்சம் கண்ணாடி முழுக்கச் சிதறும்போதுதான் அதின்ரை நினைப்பு வரும்.

எங்கடை வீட்டில் நிற்பது அறுபதுகளின் மொறிஸ் மைனர். அப்பப்பா வாங்கி, அப்பா ஓடி, இப்ப நான் ஓடுறன். 2020 மார்ச்சில் நாட்டுக்குள் வாகன இறக்குமதி நின்றது. தனியார் பாவனைக்கான கார்கள் திரும்ப வரத்தொடங்கினது 2025இல்தான், அதுவும் எங்கடை கைக்கு எட்டாத விலையில். அதனால் இந்தக் கார் எங்களுக்கு அழகுக்கு வைத்திருக்கிற பொருள் அல்ல. வேலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போய்வாற வாகனம். மழைக்குள்ளும் ஓடியாக வேண்டும்.

வைப்பரின் வேலை முழுவதும் ரப்பரின் அடியில் இருக்கிற மெல்லிய விளிம்பில்தான் நடக்கிறது. கை ஒரு பக்கம் போகும்போது அந்த விளிம்பு மற்றப் பக்கம் சரிந்து தண்ணீரை இழுத்துக்கொண்டு போகும். திரும்பி வரும்போது விளிம்பும் புரண்டு சரியும். விளிம்பு நேராக வெட்டப்பட்டதுபோல் கூராகவும், புரளக்கூடியதாக மெதுவாகவும் இருக்கும்வரை கண்ணாடி தெளியும். ரப்பர் இறுகினால் புரளாது. அப்போதுதான் ஒரு பக்கம் சத்தமில்லாமல் போய், திரும்பும்போது மட்டும் 'தட தட' எண்டு துள்ளிக்கொண்டு வரும்.

எங்கடை ஊரில் வைப்பரைத் தின்னுவது வெயில். வருடத்தில் பெரும்பாலான மாதங்கள் அது மழையே காணாமல், கொதிக்கிற கண்ணாடியில் ஒரே பக்கம் சரிந்தபடி கிடக்கிறது. சூட்டிலும் புற ஊதாக் கதிரிலும் காற்றிலுள்ள ஓசோனிலும் ரப்பர் இறுகி வெடிக்கும். 'மழையே இல்லை, பாவிக்கவும் இல்லை, அப்ப புதுசு மாதிரித்தானே' எண்டு சொல்லுகிற கணக்கு இதனால்தான் பிழைக்கிறது. ஆறு மாதத்துக்கும் ஒரு வருடத்துக்கும் இடையில் மாற்றுங்கோ எண்டு பொதுவாகச் சொல்லுவார்கள். வெயிலில் நிற்கிற காருக்கு ஒவ்வொரு புரட்டாசியிலும் மாற்றுவது நல்ல பழக்கம்.

மாற்ற முதல் கண்ணாடியைக் கழுவிப் பார்க்கவேண்டும். முன்னால் போற பஸ்ஸின் புகை, றோட்டு எண்ணெய், பொலிஷ் எல்லாம் கண்ணாடியில் படையாகப் படியும். எவ்வளவு புது ரப்பரும் அந்தப் படையில் வழுக்கிக் கோடு போடும். பாத்திரம் கழுவுகிற திரவம் கொஞ்சம் தண்ணீரில் கலந்து கழுவி, பிறகு வினாகிரி கலந்த தண்ணீரால் துடைத்தால் போதும். ரப்பரை ஈரத்துணியால் மெதுவாக ஒருதரம் துடையுங்கோ. அழுத்தித் தேய்த்தால் மேலே பூசியிருக்கிற கிராபைற் போய்விடும். பெற்றோல், மண்ணெண்ணெய், தேங்காய் எண்ணெய் ஒன்றும் கிட்டக் கொண்டுபோகவேண்டாம். ரப்பர் ஊதும், கண்ணாடி மங்கும். வேப்பமரத்துக்குக் கீழே நிற்கிற கார் என்றால் சருகையும் பூவையும் கையால் எடுத்துவிட்டுத்தான் வைப்பரைப் போடவேண்டும். காய்ந்த புழுதியில் வைப்பர் போடுவது கண்ணாடிக்கு மண்கடதாசி போடுவதுதான்.

கழுவியும் கோடு விழுந்தால் ரப்பர் போய்விட்டது. கழுவின பிறகும், புது ரப்பர் போட்ட பிறகும் துள்ளினால் கையைப் பாருங்கோ. பழைய காரில் கை முறுகியிருக்கும். ரப்பர் கண்ணாடிக்கு நேர் செங்குத்தாக நிற்காவிட்டால் ஒரு பக்கம் புரளாது. கையின் ஸ்பிறிங் தளர்ந்திருந்தால் நடுவில் துடைக்காத இடம் விழும்.

கடையில் கேட்கிற முதல் கேள்வி, "தங்கச்சி, என்ன கார்?" மைனர் எண்டு சொன்னால் ஒரு சிரிப்பு. இன்றைய கார்களுக்கு 20, 24 அங்குலத்தில் வாறதுக்குப் பக்கத்தில் எங்கடை பிளேட் விளையாட்டுச் சாமான் மாதிரி. அதோடு இப்பத்தைய பிளேட்டுகள் பெரும்பாலும் கொக்கிக் கைக்குச் செய்தவை. பழைய பிரித்தானியக் காரின் கை நுனி தட்டையானது, 5.2 அல்லது 7.2 மில்லிமீற்றர் அகலத்தில் வரும். ஆகவே காரின் பெயரைச் சொல்லிக் கேட்காமல் பழைய பிளேட்டைக் கழற்றிக் கையோடு கொண்டுபோங்கோ. நீளம் கூடினதை 'பரவாயில்லை' எண்டு வாங்கவேண்டாம். ஒன்றோடொன்று இடிக்கும், ஒற்றை வேகத்தில் ஓடுகிற சின்ன மோட்டருக்கும் பாரம். சட்டம் இல்லாத வளைந்த புதுவகை பிளேட்டும் எல்லாவற்றுக்கும் சரிவராது. பழைய ஸ்பிறிங்கால் அதை முழுதாகக் கண்ணாடியோடு அமத்தமுடியாமல் போகலாம். சட்டம் நல்லாயிருந்தால் உள் ரப்பரை மட்டும் வாங்கி, அளவுக்கு வெட்டிப் போடுவதுதான் மலிவு. பழைய ரப்பரின் இரண்டு பக்கமும் இருக்கிற மெல்லிய ஸ்ரீல் தகடுகளைக் கவனமாகக் கழற்றி, வளைவு மாறாமல் புது ரப்பரில் ஏற்றவேண்டும்.

கழற்றும்போது கண்ணாடியில் ஒரு தடித்த துவாயை விரியுங்கோ. பிளேட் இல்லாத கை ஸ்பிறிங்கோடு திரும்பி அடித்தால் கண்ணாடி வெடிக்கும். ரப்பர் கிழிந்தபடி ஓடினாலும் சட்டத்தின் இரும்பு அரைவட்டமாகக் கீறிவிடும். ரப்பர் நினைத்த நேரம் வாங்கலாம். அறுபது வருடத்துக் காருக்கு முன் கண்ணாடி தேடுவது வேறு கதை.

பொருளாதாரத் தடைக்காலத்தில் அப்பா சைக்கிள் ரியூப்பை நீளமாக வெட்டி வைப்பருக்குள் செருகி ஓடினவர். "அது மழையைத் துடைக்கேல்லை, பூசினது" எண்டு இப்பவும் சிரிப்பார். வேறு வழியில்லாத நாளில் அது கெட்டித்தனம். கடையில் ரப்பர் தொங்குகிற இன்றைக்கு அதே மாதிரிச் சமாளிப்பதைக் கெட்டித்தனம் எண்டு சொல்லமாட்டன். ஆனால் சமாளிப்பு எங்களுக்குப் பழகிவிட்டது. வெடித்த ரப்பருக்கு மண்கடதாசி தேய்த்து, கண்ணாடியில் புகையிலை பூசி, இன்னும் ஒரு மாரி இழுக்கப் பார்க்கிறம்.

கார்த்திகை மழையில், பொழுதுபட்ட பிறகு, லைற் இல்லாத சைக்கிளில் கறுப்பு மழைக்கோட்டோடு ஒருவர் றோட்டோரமாய் வருவார். எங்கடை ஊரில் அவர் எப்பவும் வருவார். கோடு விழுந்த கண்ணாடியில் எதிர் வெளிச்சம் பரவினால் முதலில் மறைகிறவர் அவர்தான். வைப்பர் எங்களுக்குப் பார்க்க இருக்கிற சாமான் எண்டாலும், அதில் தங்கியிருப்பது அவரின்ரை உயிர்.

பழையதைப் பாதுகாக்கிற ஆக்கள் எல்லாத்தையும் பழையபடியே வைத்திருக்க ஆசைப்படுவினம். அந்தக் குரோம் கையை வைத்திருங்கோ, மினுக்கி வைத்திருங்கோ. ரப்பர் மாற்றுவதற்கெண்டே செய்த சாமான். புரட்டாசி முடியமுதல் மாற்றிவிடுங்கோ.