அமாவாசைக் கணக்கு

கிரிவலப் பாதையில் அப்பாவுக்கு டீக்கடை. பௌர்ணமி வியாபாரத்தில்தான் என் செமஸ்டர் ஃபீஸ் கட்டினார். அமாவாசை என்றால் அவர் முகமே சரியிருக்காது.

வடமேற்கே, ஜவ்வாது மலையிலிருக்கும் காவலூர் வானாய்வகத்தில் கணக்கு தலைகீழ். அங்கே நிலாதான் தொல்லை. 1988 பிப்ரவரி 17, அமாவாசை. ஆர். ராஜமோகன் அங்கே ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே சூரியனைச் சுற்றுகிற அதற்கு 4130 ராமானுஜன் என்று பெயர். அதற்கு முன் இந்தியாவிலிருந்து சிக்கியது 245 வேரா. 1885-ல் மெட்ராஸில் போக்சன் கண்டது. நடுவில் 103 வருஷம்!

ஒரே வானத்தை இடைவெளி விட்டு இரண்டு தடவை படமெடுப்பார்கள். நட்சத்திரங்கள் நின்ற இடத்திலேயே நிற்கும். சிறுகோள் மட்டும் நகர்ந்திருக்கும். (ஆபீஸில் நான் தினமும் பார்க்கிற 'டிஃப்'பேதான்.)

போன அமாவாசை ராத்திரி, ஆளில்லாத கடையில் உட்கார்ந்து, "மூடிட்டு பெங்களூர் வாங்கப்பா" என்று மறுபடி ஆரம்பித்தேன். பேச்சு முற்றுவதற்குள் இந்தக் கதைக்குத் தாவிவிட்டேன். முழுசாகக் கேட்டார்.

"அங்க எல்லாம் நிக்குது, ஒண்ணு நகருது. இங்க எல்லாரும் நடக்கறாங்க, நான் ஒருத்தன் நிக்கறேன்."

டீயை ஆற்றி நீட்டினார். பெங்களூர்ப் பேச்சை அன்று நான் மறுபடி எடுக்கவில்லை.