தொக்கணத்துக்கு ஒரு மடல்

அன்புள்ள தொக்கணமே,

உன் பெயர் எனக்குப் பதினெட்டு வயதுவரை தெரியாது. ஆனால் உன்னைத் தெரியும். எங்கள் வீட்டில் உனக்கு 'அமுக்கிவிடுறது' என்று பெயர். தென்காசிப் பக்கத்தில் பல வீட்டுப் பெண்களைப் போல எங்கள் அம்மாவும் பீடி சுற்றினாள். மடியில் தட்டை வைத்துக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல் ஆயிரம் பீடி சுற்றிக் கட்டி முடிக்கும்போது, கழுத்துக்கும் தோளுக்கும் நடுவிலுள்ள சதை விறகாக இறுகியிருக்கும். ராத்திரி அவள் முதுகுக்குப் பின்னால் நான் உட்காருவேன். "கொஞ்சம் கீழ, இன்னும் உள்ள, ஆங், அங்கதான்" என்பாள். அவள் சொல்லும் முன்பே அந்த இடம் எனக்குத் தெரிய ஆரம்பித்தது எந்த வயதில் என்று நினைவில்லை. புகையிலைத்தூள் வாசமும் தேங்காயெண்ணெய் வாசமும் கலந்த அந்தத் திண்ணையில்தான் என் விரல்களுக்கு நீ அரிச்சுவடி சொல்லிக்கொடுத்தாய்.

தொக்கணமே, என் தாய்மாமா உன்னை 'எண்ணெ போடுறது' என்பார். சாரல் மாதங்களில், குற்றாலத்தில் அருவிக்குப் போகும் வழியில் எண்ணெய்ப் பாட்டிலோடு நிற்பவர்களில் அவரும் ஒருவர். குளிக்க வந்தவரைக் கல்தரையில் உட்காரவைத்து, உச்சியில் எண்ணெய் வைத்துத் தேய்த்து, பிறகு இரண்டு உள்ளங்கைகளையும் குழித்துக்கொண்டு முதுகில் தட்டுவார். அருவி இரைச்சலுக்கு நடுவிலும் அந்தச் சத்தம் தனியாகக் கேட்கும். சீசனில் கிடைப்பதை வைத்துத்தான் அவருக்கு மீதி மாதங்கள். அருவியில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு கூடாது என்று தடை வந்தபோது, தண்ணீருக்கு அது நல்லது என்று அவரே சொன்னார். சொல்லிவிட்டு அன்று சாப்பிடாமல் படுத்தார். பள்ளிக்கூடத்தில் மாமாவுக்கு என்ன வேலை என்று கேட்டால் "குத்தாலத்துல கடை" என்று நான் சொல்லியிருக்கிறேன். அந்தப் பொய்க்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்க இத்தனை வருஷம் ஆகிவிட்டது.

தொக்கணமே, உன் முழுப் பெயரைப் பாளையங்கோட்டையில்தான் கேட்டேன். 1964 முதல் அங்கே அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பிளஸ் டூ அறிவியல் படித்தவர்களுக்கு நர்சிங் தெரபி டிப்ளமோ என்று ஒரு படிப்பு உண்டு என்பதே எனக்கு எங்கள் ஊர் நாட்டு மருந்துக்கடைக்காரர் சொல்லித்தான் தெரியும். வேறு வழி தெரியாமல்தான் சேர்ந்தேன். ஒருநாள் வகுப்பில், சித்த மருத்துவத்தில் அகமருந்து 32, புறமருந்து 32, புறமருந்துகளில் ஒன்று தொக்கணம் என்று சொல்லிவிட்டு, ஆசிரியர் உன் ஒன்பது வகைகளையும் பலகையில் எழுதினார்: தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல். முதல் சொல்லைப் படித்ததுமே எனக்குக் குற்றாலத்துச் சத்தம் கேட்டது. பிடித்தலும் அழுத்தலும் அம்மாவின் தோள். கையெழுத்து மட்டும் போடத் தெரிந்த மாமா, வழிப்போக்கர்களுக்கு ஈரக்கல்லில் செய்துகொண்டிருந்ததில் பாதிக்கு மேல் அந்தப் பலகையில் இருந்தது. அன்று சாயந்திரம் போன் போட்டு ஒன்பதையும் அவருக்கு வாசித்தேன். "மல்லாத்துறதுக்குக்கூடவா பேரு வச்சிருக்காங்க?" என்று கேட்டார். பிறகு இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார்.

தொக்கணமே, நீ பலம் என்று நினைத்திருந்தேன். முதல் சில மாதங்கள் பெருவிரலால் அழுத்தியே சமாளித்தேன். ராத்திரி காபி டம்ளரைப் பிடிக்க முடியாது. பாதங்களை முன்னும் பின்னுமாக ஊன்றி, முழங்கையை நேராக வைத்து, உடம்பின் எடையைத் தோள் வழியாக இறக்கக் கற்றபிறகுதான் விரலுக்கு வேறு வேலை இருப்பது தெரிந்தது. சதை எங்கே தள்ளுகிறது, எங்கே விட்டுக்கொடுக்கிறது என்று கேட்டுக்கொண்டிருக்கும் வேலை அது. தைலக் கிண்ணத்தை நேராக அடுப்பில் வைக்காமல் வெந்நீரில் வைத்துச் சூடாக்கு, புறங்கையில் ஒரு சொட்டு விட்டுப் பார் என்றார்கள். சர்க்கரை நோயாளியிடம் "சூடு சரியா இருக்கா?" என்று கேட்டுவிட்டு அவர் பதிலை மட்டும் நம்பாதே, அவர் பாதத்துக்குச் சூடே தெரியாமல் இருக்கலாம் என்றார்கள். உளுந்து தைலமா, வாதகேசரியா என்பதை மருத்துவர் எழுதுவார். அதை உடம்பு ஏற்கும்படி கொண்டுபோய்ச் சேர்ப்பது என் பொறுப்பு. அந்த எல்லையை நான் இன்றுவரை மதிக்கிறேன்.

தொக்கணமே, 'மசாஜ்' என்ற பெயரால் பட்டதையும் உன்னிடம்தான் சொல்ல முடியும். வாடகைக்கு வீடு பேசி முடித்தபின் என் வேலையைக் கேட்ட வீட்டுக்காரர், முன்பணத்தை எண்ணிக் கையில் திருப்பிக் கொடுத்தார். பெண் பார்க்கப் போன இடத்தில் டீ ஆறிக்கொண்டிருந்தது, யாரும் பேசவில்லை. படிப்பு முடித்ததும் ஒரு பெருநகரத்து ஸ்பாவில் எட்டு மாதம் இருந்தேன். நல்ல சம்பளம். ஒருவர் எழுந்த கட்டிலில் விரிப்பை மாற்றுவதற்குள் அடுத்தவர் வந்துவிடுவார். எங்கே வலிக்கிறது என்று கேட்க நேரமில்லை. கேட்க வேண்டாம் என்றும் சொன்னார்கள். அதைவிடக் குறைந்த சம்பளத்துக்கு, ஒப்பந்த ஊழியனாக, அரசு மருத்துவமனையின் சித்தா பிரிவுக்கு வந்தேன். அங்கே நோயாளிகள் என்னை "டாக்டர் தம்பி" என்பார்கள். டாக்டர் இல்லை, தெரபிஸ்ட் என்று திருத்துவேன். அந்தச் சொல்லைச் சொல்லும்போது என் குரல் இறங்குவதில்லை. அந்தக் குரலை நீதான் கொடுத்தாய்.

தொக்கணமே, ரேஷன் கடையில் எடை போட்ட அந்தப் பெரியவரை உனக்கு நினைவிருக்கும். பக்கவாதம் வந்து ஏழு மாதம் கழித்து அழைத்து வந்தார்கள். இடது கை மார்போடு மடங்கி, விரல்கள் முஷ்டியாக இறுகியிருந்தன. நகங்கள் உள்ளங்கையில் பதிந்திருந்தன. உள்ளே காற்றுப் படாமல் தோல் வெளுத்து ஊறிப்போய், கிட்டே போனால் புளித்த வாடை. அவர் மனைவி தினமும் விரலிடுக்கில் துணியை நுழைத்துத் துடைக்கப் பார்த்து, முடியாமல் விட்டிருந்தார். விரலைப் பிடித்து இழுத்தால் முஷ்டி இன்னும் இறுகும். ஆகவே விரலை விட்டுவிட்டேன். தோளில் ஆரம்பித்து, முன்கைச் சதையில் தைலத்தை மெல்ல இறக்கி, பிறகு மணிக்கட்டை உள்பக்கமாக மடக்கினேன். அப்படி மடக்கினால் விரல்களை இழுத்துப் பிடித்திருக்கும் நாண்கள் தளரும். சுண்டுவிரல் முதலில் விட்டுக்கொடுத்தது. அதற்கடுத்தது வெகுநேரம் கழித்து. கடைசியாகப் பெருவிரலை அடியிலிருந்து விலக்கியபோது உள்ளங்கை முழுவதும் தெரிந்தது: குழந்தையின் கை மாதிரி வெளிறி, நான்கு நகத்தழும்புகளோடு. அந்த அம்மா வெதுவெதுப்பான தண்ணீர் வாங்கி வந்து கழுவினார், துடைத்தார், நகம் வெட்டினார், வெட்டிய நகங்களைக் காகிதத்தில் மடித்து வைத்துக்கொண்டார். நான் ஒரு துணிச்சுருளை உள்ளங்கையில் வைக்கப் போனேன். பெரியவருக்குப் பேச்சு குழறும். "காயட்டும்" என்றார். மூன்று பேரும் அந்தக் கை காய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மறுநாள் வந்தபோது மறுபடி மூடித்தான் இருந்தது. மறுபடி திறந்தோம்.

தொக்கணமே, தொடாதே என்று நீ தடுத்த நாளுக்கும் நான் கடன்பட்டிருக்கிறேன். காய்ச்சலிலும் புதுக் காயத்திலும் கைவைக்கக் கூடாது என்பது முதல் மாதப் பாடம். ஆனால் அன்று வந்தவர் சிரித்துக்கொண்டே வந்தார். ராத்திரி முழுக்க பஸ்ஸில் உட்கார்ந்து வந்ததில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது, நன்றாக உருவிவிடு தம்பி என்றார். இரண்டு கால்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒன்று மட்டும் பருத்திருந்தது. புறங்கையை வைத்தால் சுட்டது. தைலத்தை மூடிவிட்டு மருத்துவரை அழைத்தேன். ரத்தக்குழாயில் ரத்தம் கட்டியாக உறைந்திருந்தது ஸ்கேனில் தெரிந்தது. உருவியிருந்தால் அந்தக் கட்டி பிரிந்து நுரையீரலுக்குப் போயிருக்கலாம். அவர் இப்போதும் பொங்கலுக்குக் கரும்பு கொண்டுவந்து கொடுக்கிறார். நான் அவரைத் தேய்த்ததே இல்லை.

தொக்கணமே, போன மாதம் மாமா வந்தார். வரிசையில் நின்று, ஓ.பி. சீட்டுப் போட்டு, எல்லோரையும் போல. இத்தனை வருஷம் அடுத்தவர் முதுகில் இறங்கிய வலது கை தோளுக்கு மேல் எழவில்லை. கும்பவாதம் என்று சீட்டில் எழுதியிருந்தது. சட்டையைக் கழற்ற நான்தான் உதவினேன். மரக்கட்டிலில் குப்புறப் படுத்தார். தைலம் போட்டு, தோள்பட்டையைச் சுற்றிப் பிடித்து, அழுத்தி, மெல்ல அசைத்து, கடைசியில் முதுகில் தட்ட ஆரம்பித்தேன். இரண்டு தட்டு விழுந்ததும், முகத்தைத் திருப்பாமலே சொன்னார்:

"உள்ளங்கைய இன்னும் கொஞ்சம் குழிச்சிக்கோ மருமவனே."

குழித்துக்கொண்டேன். அந்தச் சத்தம் வந்தது.

உன்னால் பிழைக்கும்,
உன் தெரபிஸ்ட்