மின்னல்கொடிக்கு ஒரு விசில்

1935-ல் பம்பாயில் ‘ஹண்டர்வாலி’ வந்தது. ஹோமி வாடியா இயக்கம். முகமூடியும் சாட்டையுமாக நாடியா. இரண்டே ஆண்டில் தமிழிலும் ஒருத்தி வந்துவிட்டாள். கே. அமர்நாத்தின் ‘மின்னல்கொடி’யில் கே. டி. ருக்மணி! ஆண் வேடமிட்டு, குதிரையேறி, ஏழைகளுக்காகச் சண்டை போடும் கொள்ளைக்காரி. ஸ்டண்ட் படம்தான், பெரிய கலை என்று யாரும் சொல்லவில்லை. இருக்கட்டுமே. பெண்கள் அழுதுகொண்டே இருந்த திரையில் ஒருத்தி கையை ஓங்கினாளே, அது சின்ன விஷயமா? இந்தப் படங்களை மட்டமாகப் பேசினால் எனக்குப் பொறுக்காது.

ஏனென்றால், நான் எழுதுவது மரக்காணம் பக்கத்து எக்கியார்குப்பத்திலிருந்து. மே 2023-ல் மெத்தனால் கலந்த சாராயம் இங்கே எத்தனை வீட்டு ஆண்களைக் கொண்டுபோனது என்று ஊருக்கே தெரியும். அதன் பிறகு அந்த வீடுகளைத் தூக்கி நிறுத்தியது மீன்கூடை சுமக்கிற, மரக்காணம் உப்பளத்தில் வெயிலில் உப்பு சுமக்கிற பெண்கள்தான். சாராயக்காரனைச் சாட்டையால் விரட்டுகிற ஒருத்தியைக் காட்டுங்கள், செட்டும் கிராபிக்ஸும் எப்படி இருந்தாலும் சரி, முதல் விசில் எங்கள் குப்பத்துப் பெண்களுடையதாக இருக்கும்.

உங்கள் வீட்டுப் பரணில் ‘மின்னல்கொடி’ காலத்துப் பாட்டுப் புத்தகம் ஏதாவது கிடந்தால், தயவுசெய்து எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.