ஊரில் இரண்டு நாட்கள்

தில்லிவாழ் மத்திய அரசு ஊழியர்களாகிய நமக்கு விடுப்புப் பயணச் சலுகை பெரும் பேறு. நான்காண்டுத் தொகுதி ஒன்றில் இருமுறை சொந்த ஊர் செல்லலாம்; அவற்றுள் ஒன்றுக்கு மாற்றாக இந்தியாவில் எவ்விடமும் கண்டுவரலாம். ஆயினும் முதியோர் காத்திருக்க, வேறெங்கும் செல்ல மனம் வருவதில்லை. 2,100 கிலோமீட்டருக்கு மேல் கடந்து ஊர் சேர்ந்தால், திருமணம், காதுகுத்து, வீட்டுவரி என நாட்கள் கரைகின்றன. பிள்ளைகள் அறிந்த தமிழகம் பாட்டி வீடும் கல்யாண மண்டபமுமே.

இரயிலுக்கு 60 நாள் முன்னரே பதிவு செய்யும் நாம், ஊரில் கழிக்கும் நாட்களுக்கும் திட்டம் வகுத்தலே முறை. சென்ற முறை கும்பகோணம் சென்றபோது இரண்டு நாட்களை முன்கூட்டியே ஒதுக்கினோம். முதல்நாள் தாராசுரமும் தஞ்சைப் பெரிய கோயிலும். மறுநாள் கங்கைகொண்ட சோழபுரம். மூன்றும் உலக மரபுச் சின்னங்கள். கட்டுச்சோற்றுடன் வாடகைக் காரில் விடியலிலேயே புறப்பட்டோம்.

பேரப்பிள்ளைகளுக்கு விளக்கிச் சொல்வார் என்றெண்ணி, 78 வயது அன்னையையும் அழைத்துச் சென்றோம். சோழபுரத்து விமானத்தை அண்ணாந்து நோக்கிய அவர், “இத்தனை பக்கத்திலே இருந்தும் நான் இதைப் பார்த்ததே இல்லையடா” என்றார்.

நம் வருகைக்காக வீட்டிலேயே காத்திருப்போருக்கும் ஒரு பயணம் வேண்டும். அடுத்த விடுப்பு விண்ணப்பம் எழுதும்போதே அவர்களுக்கென இரு நாட்களைக் குறித்துவைப்போம்.